சீமைக் கம்பளியும் சைக்கிள் கம்பியும்

போன சனிக்கிழமை நுவரெலியா தபால் கந்தோரில் முத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் என் கையிலிருந்த உறையின் விலாசத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வாராவாரம் எழுதுகிற வாத்தியார் நீங்கள்தானா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். கழுத்து கொஞ்சம் நிமிர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராம். நாலு பிள்ளைகளாம். பத்தியைப் பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ, இப்படி எழுதினால் பத்திரிகைக்காரர்கள் என்ன தருவார்கள் என்று கேட்டார்.

சொன்னேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். ஆறுதலாகத்தான்!

சாமான் விலை ஏறுகிறது, சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மேல்வரும்படிக்கு என்ன வழி என்று கண்ணில் படுகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கதை எழுதலாமா என்றும் ஒரு யோசனை இருந்ததாம். இப்போது போய்விட்டதாம். கடைசியாக ஒன்று கேட்டார்.

"அப்ப உங்க வீடு எப்புடிங்க ஓடுது?"

அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. எனக்குக் கந்தப்பளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது - அது இரண்டு வார்த்தையில் சொல்கிற பதிலும் இல்லை.

எங்கள் வீட்டை ஓட்டுவது என் மனைவி மேரி. எப்படி ஓட்டுகிறாள் என்பதற்கு ஒரு கதை உண்டு. அதில் நான் வீரனாக வரமாட்டேன். அதனால்தான் இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதாமல் தப்பித்து வந்தேன்...

பத்து வருஷத்துக்கு முந்தைய கதை அது. இப்போது இருக்கிற இதே தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் அப்போதும் வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஐந்து வகுப்பு, வாத்தியார் நான் ஒருவன். சம்பளம் தோட்டம் கொடுப்பது. குடியிருக்க ஆபீசுக்குப் பின்னால் இரண்டறை வீடு. மகளுக்கு அப்போது மூன்று வயது.

அந்த வருஷம் தேயிலைக்கு விலை விழுந்தது. எங்கள் வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை ஒரு கொழும்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். கப்பல் ஏறும்வரை நுவரெலியாவில் ஒரு வாடகை வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. புதுத் துரை வந்தார். வந்த மாதமே செலவைக் குறைத்தார். கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை. பள்ளிக்கூடம் மத்தியானம்வரைதான். ஆகவே வாத்தியாருக்கு?

அரைச் சம்பளம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அரை நாள் பாடம், அரைச் சம்பளம். ஆனால் வயிறு அரை நாளோடு நின்றுவிடுகிறதா?

நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தைக் கொத்தி லீக்ஸ் போட்டேன். நன்றாகவே வந்தது. பறிக்கலாம் என்று நான் நினைத்த நாளுக்கு முதல் நாள் முள்ளம்பன்றியும் அதையே நினைத்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கக் குழியும் மண்ணும். பிறகு தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். மனு எழுத வந்தவர்களுக்கும் வாரத்தில் நாலு நாள்தானே வேலை? ஒருவர் பூசணிக்காய் கொடுத்தார். இன்னொருவர் என் ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார்.

முள்ளம்பன்றி லீக்ஸைத் தின்றது. நான் முள்ளம்பன்றியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. நான் எழுத்தாளன் ஆன கதை அவ்வளவுதான்.

அந்த நாளில்தான் முசிறியிலிருந்து பெரியப்பா மகன் அண்ணன் எழுதியிருந்தார். அங்கே ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்களாம். குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடு, அக்கரையில் இருந்து எதைக் கண்டாய் என்று கேட்டிருந்தார். அந்த ஊரை நான் எட்டு வயதில் ஒரு தடவை பார்த்தது. மேரி பார்த்ததே இல்லை. அவள் தலவாக்கலையில் பிறந்தவள். அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் அடக்கம் செய்ததும் அங்கேதான்.

நான் பதில் எழுதினேன். வருகிறோம் என்று எழுதினேன். மேரியிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை வாசித்தாள். அழவில்லை. கடுதாசியை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"சித்திரை சீசன் முடியட்டுங்க. அதுவரைக்கும் இதைத் தபால்ல போட வேணாம். அதுக்குள்ள என்னால ஒண்ணும் ஆகலைன்னா, நானே பெட்டியக் கட்டுறேன்."

வெளியூர்க்காரர்கள் குளிர் தேடி நுவரெலியாவுக்கு வருகிற சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவளால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் பழைய துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். புல்வெளியில் நாற்காலி, கட்டில், கண்ணாடி அலமாரி எல்லாம் வரிசையாகக் கிடந்தன. டவுனிலிருந்து கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். நாங்களும் போனோம். நான் ஒரு புத்தக அலமாரியைப் பார்க்கப் போனேன். பார்க்க மட்டும்தான்.

எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு மூலையில் ஒரு தகரப் பெட்டி மிஞ்சியது. திறந்து காட்டினார்கள். பழைய ஸ்வெட்டர்கள். பூச்சி அரித்தவை, முழங்கை கிழிந்தவை, கழுத்து தொங்கிப்போனவை... ஏலக்காரர் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. பங்களாச் சமையல்கார அப்பு அதை எரிப்பதற்காகத் தூக்கப்போனார்.

"ரெண்டு ரூவா" என்று ஒரு குரல் கேட்டது.

யார் அந்தப் பைத்தியம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மேரி!

அது மண்ணெண்ணெய்க்கு வைத்திருந்த காசு. இரண்டு வாரம் நாங்கள் பொழுது சாய்ந்ததும் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டியிருந்தது. அதில் நூல் சிட்டம் சிட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேரி ஸ்வெட்டர்களைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அரித்த இடத்தில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டாள். பிரித்த நூல் சுருள் சுருளாக வரும் அல்லவா? அதைச் சவுக்காரம் போட்டு வெந்நீரில் அலசி, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காய்ந்ததும் நூல் நேராகிவிட்டது. பத்தொன்பது பழைய ஸ்வெட்டர் உருண்டை உருண்டையாக நூலாகி மறுபடி அந்தத் தகரப் பெட்டிக்குள் போனது.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆறாவது படித்தபோது அவள் பின்னல் கற்றிருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் எனக்கு அது தெரியாது. கேட்டதே இல்லையே! பின்னுகிற ஊசிக்கு எங்கே போவது? கந்தப்பளையில் சைக்கிள் பழுது பார்க்கிறவரிடம் போய் உடைந்த சக்கரக் கம்பிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். நுனியை வாசற்படிக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினாள். சீமைக் கம்பளி, சைக்கிள் கம்பி. தொழிற்சாலை ஆரம்பமாகிவிட்டது.

முதல் ஸ்வெட்டரை மகளுக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கை முழங்கையோடு நின்றது. இன்னொரு கை தரையைக் கூட்டியது. மேரி கழற்றினாள். முழுக்கப் பிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஆனால் ஒருத்தி பின்னி எப்போது முடிப்பது? அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் வந்து சேர்ந்தாள்.

பாக்கியம் எங்களுக்குக் கீழே உள்ள லயத்தில் இருந்த விதவை. கொழுந்து பறிக்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள் என் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வேலை நாலு நாளாகக் குறைந்தபோது பிள்ளைகளை நிறுத்திப் புல் வெட்ட அனுப்பப்போவதாக என்னிடம் சொல்ல வந்தாள். நான் என்னென்னவோ சொன்னேன். படிப்பு, எதிர்காலம்... அவள் தலையைத் தலையை ஆட்டினாள். என் பேச்சு அவள் அடுப்பை எரிக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மேரி உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கையில் இரண்டு கம்பியைக் கொடுத்தாள். முன்பக்கமாகக் குத்துவதற்கு 'நேர்', பின்பக்கமாகக் குத்துவதற்கு 'தலைகீழ்' என்று மேரியே பெயர் வைத்திருந்தாள். இரண்டு நேர், ஒரு தலைகீழ். மறுபடி இரண்டு நேர், ஒரு தலைகீழ். பாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"கொழுந்துன்னா ரெண்டு எலை ஒரு மொட்டு. இது ரெண்டு நேரு ஒரு தலகீழு. அம்புட்டுத்தானே வாத்தியாரம்மா?"

அம்புட்டுத்தான். மூன்றாம் நாள் அவள் மேரியைத் தாண்டிவிட்டாள். கண்ணால் பார்க்காமலே கொழுந்து பறிக்கிற விரல்கள்! கம்பியைப் பார்க்காமல், ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னினாள். வேலை இல்லாத மூன்று நாளும் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். ஒரு ஸ்வெட்டர் முடிந்தால் இவ்வளவு என்று மேரி அவளுக்குக் கூலி பேசியிருந்தாள். விற்ற பிறகுதான் கொடுக்க முடியும் என்பதையும் சொல்லியிருந்தாள். பாக்கியம் சரி என்றாள். பிள்ளைகளைச் சித்திரைவரை நிறுத்துவதில்லை என்றும் சொன்னாள்.

இதுவரைக்கும் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் ஆபீசில் பெரிய கிளாக்கர் எல்லாரும் கேட்கும்படி என்னை விசாரித்தார். வாத்தியார் வீட்டில் கந்தல் ஆலை ஓடுகிறதாமே, நமக்கும் ஒரு கால்சட்டை கிடைக்குமா என்றார். ஆபீஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

நேரே வீட்டுக்கு வந்து கத்தினேன். வாத்தியார் பெண்டாட்டி பழைய துணி விற்றாள் என்று ஊர் பேசவா, நாளைக்குப் பிள்ளைகள் என்னை மதிக்குமா என்று என்னவெல்லாமோ சொன்னேன். பாக்கியம் கம்பியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்து வெளியே போனாள். மேரி நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க அரைச் சம்பளத்துக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கிறப்ப எனக்கு வெக்கமா இல்லைங்க. நான் இதை விக்கிறப்ப உங்களுக்கு ஏன் வெக்கம் வரணும்?"

வெளியே போய்ப் பாக்கியத்தை நான்தான் உள்ளே கூப்பிட்டேன்.

சித்திரை பிறப்பதற்குள் பன்னிரண்டு ஸ்வெட்டர் முடிந்தன. எட்டு குழந்தைகளுக்கு, நாலு பெரியவர்களுக்கு. குழந்தை ஸ்வெட்டருக்கு நூல் குறைவு, அதனால் எட்டு. ஒரே நிறத்தில் ஒரு ஸ்வெட்டருக்குப் போதுமான நூல் எதிலும் இல்லை. பச்சை தீர்ந்த இடத்தில் மஞ்சள் ஆரம்பிக்கும், மஞ்சள் தீர்ந்த இடத்தில் செங்கல் நிறம். எல்லாமே பட்டை பட்டையாக இருந்தன. எனக்கு அது ஒட்டுப்போட்ட மாதிரிதான் தெரிந்தது.

நுவரெலியாவில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குக் கொண்டுபோனோம். முதலாளி ஒன்றை எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சீசனுக்கு வருகிறவர்கள் சீமைச் சாமான்தான் கேட்பார்கள், தோட்டத்தில் பின்னியதை யார் தொடுவார்கள் என்றார். பட்டை வேறு! போனால் போகிறது என்று ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குப் பாக்கியத்தின் கூலிகூடத் தேறாது. நான் கொடுத்துவிடலாம் என்று மேரியின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஸ்வெட்டரை அவர் விரலிலிருந்து எடுத்து மடித்தாள். வர்றோங்க முதலாளி என்றாள். இறங்கி நடந்தாள்.

சீசன் தொடங்கியது. உங்களுக்குத் தெரியாததா? குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, கார் காராக வரிசை... கொழும்பே மலை ஏறி வந்துவிடும். பூங்கா வாசலுக்கு எதிரே ஓரமாக மேரி ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பன்னிரண்டையும் அடுக்கினாள். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தாள். எங்கள் மகளை லயத்தில் பாக்கியத்தின் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எவ்வளவு தள்ளி என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் வந்தால் பூங்காவைப் பார்க்க வந்தவன்போலத் தெரிகிற அளவுக்கு.

முதல் நாள் நல்ல வெயில். பார்த்தார்கள், போனார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. பஸ்ஸில் திரும்பினோம். என் மனசுக்குள் அந்தக் கடுதாசிக்கு முத்திரை ஒட்டிவிட்டேன். அதை நினைத்தபோது ஏனோ மேரியைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பனி இறங்கியது. பின்னாலேயே தூறல். அரைக்கைச் சட்டையோடும் மெல்லிய சேலையோடும் வந்திருந்த கொழும்புச் சனங்கள் கையைக் கட்டிக்கொண்டு மரத்தடிகளில் ஒதுங்கினார்கள். நாலைந்து பேர் மேரியைச் சுற்றி நின்றார்கள். ஆனால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். முதலாளி சொன்னதுதான். இது எங்கே செய்தது, துவைத்தால் நிற்குமா என்று சந்தேகம்.

அந்தக் கூட்டத்துக்குள் குடையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள்.

எங்கள் பழைய துரைசாணி!

அவள் குனிந்தாள். பச்சையும் மஞ்சளும் பட்டை போட்ட ஒரு குழந்தை ஸ்வெட்டரை எடுத்தாள். மஞ்சள் நூலை விரலால் தடவினாள். நிமிர்ந்து மேரியைப் பார்த்தாள். தோட்டத்தில் முப்பது வருஷம் பேசிப் பழகிய தமிழில் கேட்டாள்.

"இந்த நூல் உனக்கு எங்கே கிடைச்சது?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது - அல்லது புரிந்ததாக நினைத்தார்கள். எதிரே ஒரு பொலிஸ்காரர் வேறு நின்றிருந்தார். நான் அப்போதுதான் கிட்டே போனேன். கடையில் வாங்கியது என்று சொல்லிவிடு மேரி, சொல்லிவிடு... என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க பெட்டிதாங்க தொரசாணி. பங்களா ஏலத்துல ரெண்டு ரூவாய்க்கு எடுத்தேன். பிரிச்சுத் தொவைச்சுப் பின்னினோம்."

துரைசாணி ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டினாள். முடிச்சுகள் எங்கே என்று தேடினாள். தையலை இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள். அந்த மஞ்சள் கம்பளி அவள் சிலோனுக்கு வந்த முதல் வருஷம் துரைக்காகத் தன் கையால் பின்னியதாம். சீமையிலிருந்து அவளுடைய அம்மா கப்பலில் அனுப்பிய நூலாம். முழங்கை போன பிறகு எங்கே போட்டோம் என்றே மறந்துவிட்டதாம்.

"உள்பக்கம் ரொம்ப சுத்தம்" என்றாள். "என்ன விலை?"

இனாமாகக் கொடுத்துவிடு மேரி! அவர்கள் உப்பைத் தின்றிருக்கிறோம் இல்லையா? என் மனசு அப்படித்தான் சொன்னது. மேரியோ காலையிலிருந்து எல்லாருக்கும் சொன்ன அதே விலையைச் சொன்னாள். ஒரு சதம் ஏற்றவில்லை. ஒரு சதம் இறக்கவுமில்லை.

துரைசாணி பையைத் திறந்து கொடுத்தாள். தான் எறிந்த கம்பளியைத் தானே காசு கொடுத்து வாங்கினாள்! சீமையில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், அதற்குத் தாத்தாவின் ஸ்வெட்டர் என்று சிரித்தாள். பிறகு சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினாள். இது அசல் ஸ்காட்லாந்துக் கம்பளி, முப்பது வருஷம் தாங்கிய நூல் இன்னும் முப்பது வருஷம் உழைக்கும், இந்தப் பின்னலைவிடச் சுத்தமான பின்னல் தன் ஊரிலும் கிடைக்காது என்றாள்.

சீமைச் சாமான்தான் போகும் என்று சொன்னாரே முதலாளி... இது சீமைச் சாமான் இல்லாமல் வேறென்ன?

மிச்சம் பதினொன்றும் அரை மணி நேரத்தில் போயின. பட்டை போட்டது எனக்கு, எனக்கு என்று கேட்டு வாங்கினார்கள். கடைசியில் இரண்டு சிங்கள நோனாமார் ஒரே ஸ்வெட்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேரி அவர்களிடம் சிங்களத்தில் பேசி, அடுத்த சனிக்கிழமைக்குள் இன்னொன்று தருகிறேன் என்று ஒருவரைச் சமாதானப்படுத்தினாள். அளவு எடுத்தாள். எழுதுகிற வேலை எனக்குத்தான். நான் எப்போது அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பெரிய கிளாக்கரின் மச்சான் அந்த வழியாகப் போனார். நான் எழுந்திருக்கவில்லை.

அன்று மூன்று பேரும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சுடச்சுடத் தேத்தண்ணீரும் கட்லட்டும் வாங்கினோம். பாக்கியத்தின் கூலியை மேரி மேசைமேலேயே வைத்தாள். பாக்கியம் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொரு கட்லட் வாங்கி, பிள்ளைகளுக்கு என்று காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறியதும் மடியிலிருந்து கம்பியை எடுத்தாள். பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

அவளுடைய இரண்டு பெண்களும் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை என் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். புல் வெட்டப் போகவில்லை. நான் செய்த உபதேசம் செய்யாததை இரண்டு சைக்கிள் கம்பி செய்தது.

அந்தச் சனிக்கிழமை ஸ்வெட்டரோடு நூல் தீர்ந்துவிடுமே, இனி என்ன செய்வாய் என்று கேட்டேன். அடுத்த வாரம் பங்களா லொறியில் இரண்டு சாக்கு வந்து இறங்கியது. துரைசாணி கப்பல் ஏறுவதற்கு முன்னால் கிளப்பிலுள்ள மற்ற துரைசாணிமாரிடம் சொல்லியிருக்கிறாள். பழைய கம்பளியை எரிக்காதீர்கள், கந்தப்பளை மேரிக்கு அனுப்புங்கள் என்று. அன்றைக்கு லயத்திலிருந்து இன்னும் மூன்று பெண்கள் பின்னல் பழக வந்தார்கள். அடுப்பங்கரையில் இடம் போதவில்லை. சாயங்காலங்களில் என் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டேன். மத்தியானத்துக்குமேல் அது சும்மாதானே கிடந்தது?

சீசன் முடிந்ததும் அந்தக் கடுதாசியைப் பற்றி நானாகவே கேட்டேன். கிழித்துப் போட்டுவிடுவோம் என்று சொல்வதற்காகத்தான் கேட்டேன். மேரி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கம் முழுக்கக் குழந்தைகளின் மார்பளவு, கையளவு, கழுத்தளவு. வீட்டில் வேறு நல்ல காகிதம் இல்லையாம். முசிறி அண்ணனுக்குப் புதிதாக ஒரு கடுதாசி எழுதினேன். வரவில்லை என்று எழுதினேன். கூடவே ஒரு ஸ்வெட்டர் அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். முசிறி வெயிலில் அது எதற்கு என்று பதில் வந்தது. நியாயம்தான்.

வைகாசி கடைசியில் ஒருநாள் எங்கள் வாசலில் அந்த ஜவுளிக் கடை முதலாளி வந்து நின்றார். பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மைல் ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. சீசனில் வந்தவர்கள் கடைக்குக் கடை ஏறிப் பட்டை ஸ்வெட்டர் கேட்டிருக்கிறார்கள். மேரி அவரை உட்காரவைத்தாள். தேத்தண்ணீர் கொடுத்தாள். பழையதை எடுத்துப் பேசவில்லை. அவர் ஒரு விலை சொன்னார். முன்பு சொன்னதைப்போல இரண்டு மடங்கு. மேரி தலையை ஆட்டினாள்.

"வெலை நாங்க சொல்றதுதாங்க முதலாளி. பட்டையும் நாங்க போடுறதுதான்."

அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். ஒத்துக்கொண்டார். இன்றுவரை அந்தக் கடைக்கு மாதாமாதம் போகிறது.

பெரிய கிளாக்கரும் வந்தார். கால்சட்டை கேட்பதற்கு அல்ல. பெண்ணுக்குத் தை மாதக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டுமாம். பின்வாசல் வழியாகத்தான் வந்தார். மேரி அளவு எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக அனுப்பிவைத்தாள்.

கஷ்ட காலம் வந்தால் நாம் எல்லாரும் எங்கேயோ தூரத்தில் ஒரு வழி இருப்பதாக நினைக்கிறோம். நான் முசிறியைப் பார்த்தேன். மேரி புல்வெளி மூலையில் கிடந்த ஒரு தகரப் பெட்டியைப் பார்த்தாள். தபால் கந்தோரில் பார்த்த கிளாக்கர் ஐயா இதை வாசித்தால், அவர் வீட்டு அம்மாவுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். நான் கேட்க ஐந்து வருஷமாயிற்று.

அந்தச் சித்திரைக்கு மூன்றாம் வருஷம் தேயிலைக்கு விலை ஏறியது. புதுத் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இந்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் முழு நாள், வாத்தியாருக்கு முழுச் சம்பளம் என்றார். நான் குறுக்குப் பாதையில் ஓடினேன். இந்த வயதிலும் சொல்ல வெட்கமில்லை, ஓடினேன். மூச்சிரைக்க வாசலில் நின்று, மேரி, ஒரு விஷயம்... என்று ஆரம்பித்தேன்.

அவள் மடியில் பாதி ஸ்வெட்டர் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. எண்ணிக்கை தப்பிடும்."

இருந்தேன்.